கத்திரி வெயிலில் கேமிங் லேப்டாப்: பேஸ்ட்டுக்கு முன் வாட்ஸ்

சென்னையில் மே மாதம் பிறந்தால் வருகிற கேள்வி பெரும்பாலும் ஒரே ராகம்தான். "வாங்கின புதுசுல நல்லாத்தான் ஓடுச்சு. இப்போ கேம் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல திக்குது. ரிச்சி ஸ்ட்ரீட்ல பேஸ்ட் மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?"

பிராசஸரின் சூட்டைக் கடத்தும் அந்தப் பசையை மாற்றலாம். ஆனால் அது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கு ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம், காசும் வேண்டாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறைக் காற்றைவிடக் கீழே பிராசஸரைக் குளிர்விக்க முடியாது. இன்டெல்லின் பெரும்பாலான கேமிங் பிராசஸர்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. அறை 25 டிகிரி என்றால் நடுவில் 75 டிகிரி இடைவெளி. அந்த இடைவெளியை வைத்து உங்கள் லேப்டாப் 75 வாட்ஸை வெளியே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். மயிலாப்பூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, ஏ.சி. கிடையாது, மாலை ஏழு மணி, 35 டிகிரி. இடைவெளி 65 ஆகிவிட்டது. அதே ஃபேன், அதே செம்புக் குழாய், இப்போது தள்ள முடிவது 65 வாட்ஸ்தான். மீதி 10 வாட்ஸுக்குப் போக்கிடம் இல்லை. சூடு வரம்பைத் தொடுகிறது, பிராசஸர் தானே வேகத்தை வெட்டிக்கொள்கிறது, ஆறியதும் மறுபடி ஏற்றுகிறது. திரையில் நீங்கள் பார்க்கும் திக்கல் அநேகமாக இந்த ஏற்ற இறக்கம்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. நம் கோடையை மனதில் வைத்து யாரும் தொழிற்சாலையில் செட்டிங் போடுவதில்லை.

ஆகவே லேப்டாப்பை 'கூல்' ஆக்குவது நம் வேலை இல்லை. அது தாங்கக்கூடிய வாட்ஸ் எவ்வளவு என்று பார்த்து, அந்த அளவிலேயே நிறுத்தி ஓட வைப்பதுதான் வேலை. 90 டிகிரியைப் பார்த்துப் பதற வேண்டாம். கேமிங் லேப்டாப்புக்கு அது வாடிக்கையான சூடுதான். 90-லேயே நிலையாக ஓடினால் பிரச்னை இல்லை. 100-க்கும் 80-க்கும் நடுவே ஊசலாடினால்தான் பிரச்னை.

கை வைப்பதற்கு முன் அளந்து பாருங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து வைத்துவிட்டு, வழக்கமான கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். பிறகு வந்து மூன்று வரிகளைப் படித்தால் போதும்: பிராசஸர் சூடு, பேக்கேஜ் பவர் (வாட்ஸ்), கோர் கிளாக்.

சூடு 95-ஐத் தாண்டும்போதெல்லாம் வாட்ஸும் கிளாக்கும் சரிந்திருந்தால் அது உண்மையான சூட்டுப் பிரச்னை. சூடு 75-லேயே நிற்கிறது, வாட்ஸ் ஒரே எண்ணில் ஆணி அடித்தது போல இருக்கிறது என்றால், அது நிறுவனமே வைத்த பவர் வரம்பு. அங்கே பேஸ்ட் மாற்றுவது வீண் செலவு. மூன்றாவது ஒன்று இருக்கிறது, பலரை அலைய வைப்பது: சூடே இல்லை, ஆனால் கிளாக் 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டு விண்டோஸ் மெனு திறப்பதற்குக்கூட முனகுகிறது. இப்படி இருந்தால் முதலில் சார்ஜரைச் சந்தேகியுங்கள். பின்னில் கோளாறு உள்ள சார்ஜரையோ டூப்ளிகேட் சார்ஜரையோ சில லேப்டாப்புகள் அடையாளம் காணாது. காணாவிட்டால் பிராசஸரை வேண்டுமென்றே கட்டிப்போடும். அசல் சார்ஜரைக் கடன் வாங்கிச் செருகிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

சூடுதான் காரணம் என்று உறுதியானால் வாட்ஸைக் குறையுங்கள். பி.எல்.1 என்பது பிராசஸர் நீண்ட நேரம் இழுக்கலாம் என்று அனுமதித்த வாட்ஸ்; பி.எல்.2 சில வினாடித் துள்ளலுக்கு. ஐ7-12700ஹெச் போன்ற பிராசஸரின் அடிப்படை 45 வாட்ஸ், டர்போ உச்சம் 115 வாட்ஸ். அந்த 115-ஐ மெல்லிய லேப்டாப்பின் ஃபேன் அதிக நேரம் தாங்காது. அசுஸின் ஆர்மரி க்ரேட்டில் மேனுவல் மோட், லெனோவோ லீஜியனில் கஸ்டம் மோட் இருந்தால் அங்கேயே இதை மாற்றலாம். இல்லையென்றால் டெக்பவர்அப் தளத்தில் கிடைக்கும் த்ராட்டில்ஸ்டாப்பில் டி.பி.எல். பக்கம். பி.எல்.1-ஐ 45, பி.எல்.2-ஐ 60 என்று வைத்துத் தொடங்குங்கள். சூடு 85-க்குக் கீழே நின்றால் ஐந்து ஐந்தாக ஏற்றலாம்.

வேகம் போய்விடுமே என்ற பயம் எல்லோருக்கும் வரும். பெரிய கேம்களில் பாரம் முக்கால்வாசி கிராபிக்ஸ் கார்டின் மேல்தான். பல லேப்டாப்புகளில் பிராசஸருக்கும் கார்டுக்கும் செம்புக் குழாய் பொது. பிராசஸர் 30 வாட்ஸ் விட்டுக்கொடுத்தால் கார்டு மூச்சு விடும், எஃப்.பி.எஸ். நிலைக்கும், சில நேரம் கூடவும் செய்யும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி பிராசஸரைப் பிழியும் கேம்களில் மட்டும் உச்ச எண் கொஞ்சம் இறங்கும். 144 ஹெர்ட்ஸ் திரையில் 220 எஃப்.பி.எஸ். வந்தால் என்ன, 180 வந்தால் என்ன? கேமின் செட்டிங்கிலேயே எஃப்.பி.எஸ். உச்சவரம்பு வைத்துவிடுங்கள். இவ்வளவு எளிய வழியை ஏனோ யாரும் மதிப்பதில்லை.

மென்பொருள் எதுவும் ஏற்றப் பிடிக்காதவர்களுக்குக் குறுக்கு வழி உண்டு. விண்டோஸ் பவர் பிளானில் பிராசஸரின் அதிகபட்ச நிலை என்ற வரியில் 100-ஐ 99 ஆக்கினால் டர்போ அணைந்துவிடும். சூடு படாரென்று இறங்கும். ஆனால் இது கோடரி வைத்தியம். பழைய கேம்களுக்குப் போதும், புதியவற்றில் வேகம் இடிக்கும். சில லேப்டாப்புகளில் அந்த வரி மறைக்கப்பட்டும் இருக்கும்.

அடுத்தது அண்டர்வோல்ட், அதாவது வோல்டேஜைக் குறைப்பது. பிராசஸர் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே வேகத்தில் 1.10 வோல்ட்டை 1.02 ஆக்கினால் சுமார் 14 சதவீதம் மிச்சம். செட்டிங்கை மட்டும் மாற்றி, வேகம் குறையாமல் சூட்டைக் குறைக்கிற வழி இது, ஆனால் எல்லோருக்கும் வாய்க்காது. 2019 டிசம்பரில் பர்மிங்ஹாம், கிராஸ், லூவன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 'பிளண்டர்வோல்ட்' என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். வோல்டேஜைத் தந்திரமாகக் குறைத்து, பிராசஸரின் பாதுகாப்புப் பெட்டகத்தில் இருக்கும் ரகசியத்தையே கறக்கலாம் என்று காட்டினார்கள். இன்டெல் திருத்தம் விட்டது. லேப்டாப் நிறுவனங்கள் பயாஸில் பூட்டுப் போட்டன. அந்தப் பூட்டைக் கழற்றப் பழைய பயாஸை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதியில் கரன்ட் போனால் மதர்போர்டே போய்விடும்.

பூட்டு இல்லாத எட்டு, ஒன்பது, பத்தாம் தலைமுறை இன்டெல் வைத்திருந்தால் த்ராட்டில்ஸ்டாப்பில் கோர், கேஷ் இரண்டிலும் மைனஸ் 50 மில்லிவோல்ட்டில் தொடங்கி, பத்துப் பத்தாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு மாலை முழுக்க ஆடிப் பாருங்கள். நீலத் திரை வந்தால் இருபது மேலே ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். கம்ப்யூட்டர் திறந்ததும் தானே அமலாகும் வசதியை ஒரு வாரம் சோதிக்கும் வரை போடாதீர்கள். போடாமல் இருந்தால், முழுக்க அணைத்துப் போட்டதும் பழைய வோல்டேஜ் திரும்பிவிடும். ஏ.எம்.டி. ரைசன் லேப்டாப்புகளில் பலவற்றில் வோல்டேஜ் கைக்கு வராது. அங்கே வாட்ஸையும் சூட்டு வரம்பையும் குறைப்பதோடு சரி.

இதற்குப் பிறகும் கொதித்தால்தான் பின்மூடி. தி.நகர் மெயின் ரோட்டைப் பார்த்த ஜன்னல் ஓரம் ஓராண்டு இருந்த லேப்டாப்பைத் திறந்தால் முதல் பார்வைக்குச் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனைக் கழற்றி எடுத்தால்தான், அதற்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சடை அப்பியிருப்பது தெரியும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் அது உள்ளேயேதான் சுற்றும். கடையில் கொடுத்தால் ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், உங்கள் கண்முன்னே. காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அடையாறு, பெசன்ட் நகர்க் கடலோரத்தில் உப்புக் காற்று வேறு. அங்கே இந்தச் சுத்தம் ஆண்டுக்கு ஒருமுறை அவசியம். வாரன்டி மிச்சமிருந்தால் முதலில் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரைக் கேளுங்கள்.

பேஸ்ட் மாற்றுவதாக முடிவு செய்தால், கடைக்காரர் கையிலிருக்கும் வெள்ளைப் பசைக்குச் சம்மதிக்காமல் நல்ல பேஸ்ட்டை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். லேப்டாப் சிப்பில் நீர்த்த பேஸ்ட் நாளடைவில் ஓரத்துக்கு வழிந்துவிடும், ஹனிவெல்லின் பி.டி.எம்.7950 என்ற தாள் 45 டிகிரி அளவில் இளகிப் படிந்துகொள்ளும், வழியாது. போலியும் சந்தையில் உண்டு, பார்த்து வாங்குங்கள். சில அசுஸ் ராக் மாடல்களில் தொழிற்சாலையிலேயே லிக்விட் மெட்டல் வைத்திருப்பார்கள். அது மின்சாரம் கடத்தும், சிந்தினால் போர்டு காலி. அதை யாரும் தொடவேண்டாம்.

கூலிங் பேட் வாங்கலாமா என்பவர்களுக்கு: பின்பக்கத்தை ஒரு அங்குலம் உயர்த்தி வைத்தாலே சாதாரண பேடின் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பாய், மெத்தை மேல் வைப்பது அறவே கூடாது. தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றைக் குளிர்விப்பதைவிட ஈரமாக்குவதுதான் அதிகம். லேப்டாப் பக்கம் திருப்பாதீர்கள். 180 வாட்ஸ் இழுக்கும் லேப்டாப் அத்தனையையும் சூடாகத்தான் அறைக்குள் விடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஆடினால் அறையும் ஏறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கடல்காற்று வரும் நேரத்தில் ஆடுங்கள்.

எப்போதும் சார்ஜரிலேயே ஆடுகிறவர்கள் பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியைப் போட்டுவிடுங்கள். சூட்டில் முழு சார்ஜோடு கிடக்கும் பேட்டரி சீக்கிரம் கெடும். டச்பேட் மேலெழும்பினாலோ பின்மூடி உப்பினாலோ அது பேட்டரி வீங்கிய அடையாளம். அன்றே அணைத்து சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள், அமுக்கிப் பார்க்காமல்.