செடான் வாங்கும் முன்: கீழ்க்கட்டளை பக்கத்துக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மடிப்பாக்கம் பக்கம் குடியிருந்து தினமும் கார் எடுப்பவர்களுக்கு இரண்டு விதமான சாலைகள் வாய்த்திருக்கின்றன. ஒன்று, மெட்ரோ வேலையும் தடுப்புப் பலகைகளும் ஷேர் ஆட்டோக்களும் நெருக்கும் மேடவாக்கம் மெயின் ரோடு. மற்றொன்று, பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் ரோடு. 'அடாஸ்' என்று ஷோரூமில் சொல்கிறார்களே, அந்த ஓட்டுநர் உதவி வசதிகள் கோடு போட்ட, அகலமான சாலையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நெரிசலான சாலையில் அவற்றில் சில உயிரைக் காக்கும், சில சும்மா இருக்கும், சில தொந்தரவு தரும். இதைப் பிரித்துத் தெரிந்துகொண்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

1. டெஸ்ட் டிரைவை உங்கள் ரூட்டில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு நீட்டு நீட்டிவிட்டுத் திரும்பினால் எந்தக் காரும் நன்றாகத்தான் இருக்கும். காலை அலுவலக நேரத்தில் கீழ்க்கட்டளை மேம்பாலத்துக்குக் கீழே நின்று நகர்ந்து, யூ-டர்ன் போட்டு, உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றி இறக்கி, வீட்டு கேட்டுக்குள் ஒருமுறை விட்டுப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமா, கிளட்ச் போதுமா என்பதும் அந்த நெரிசலிலேயே முடிவாகிவிடும்.

2. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியை அணைக்காதீர்கள். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். முன்னால் போகும் வண்டி திடீரென நின்று, நம் கவனம் ஒரு நொடி தவறினால், முதலில் சத்தம் கொடுத்து, பிறகு கார் தானே பிரேக் பிடிக்கும். நம் ஊரில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், நீங்கள் விட்ட இடைவெளியில் ஓர் இருசக்கர வாகனம் சாய்ந்து நுழையும், இல்லையென்றால் கைகாட்டும் பயணிக்காக ஷேர் ஆட்டோ குறுக்கே ஒதுங்கும். கார் அதை மோதல் என்று நினைத்து அலறும், சமயத்தில் பிரேக்கும் போடும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். அதற்காக வசதியையே அணைத்துவிடுபவர்கள் உண்டு, அது தவறு. பல கார்களில் எச்சரிக்கை சற்றுத் தாமதமாக வரும்படி மாற்றிக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் வருபவரையும் பார்த்து ஓட்டுங்கள்.

3. இடைவெளி விட்டுத் தானே ஓடும் குரூஸ் கன்ட்ரோலை வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்கும், செங்கல்பட்டு தாண்டிய நெடுஞ்சாலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மேடவாக்கம் மெயின் ரோட்டில் அது வேண்டவே வேண்டாம். வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: முன்னால் போகும் வண்டி நின்றால் இதுவும் நின்று, மறுபடி கிளம்புமா? ஒரே பெயரில் விற்கும் காரிலேயே சில மாடல்களில் அது உண்டு, சிலவற்றில் கிடையாது.

4. லேன் உதவி பெரும்பாலான கார்களில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் வேலை செய்யும், கோடும் தெளிவாகத் தெரிய வேண்டும். இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறினால் ஸ்டீயரிங் லேசாக எதிர்த்து இழுக்கும். பழக்கமில்லாதவர் பதறிவிடுவார், ஆகவே வீட்டில் ஓட்டும் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

5. இடதுபக்கம் பார்க்க என்ன வசதி என்று கேளுங்கள். நமக்கு ஆபத்து பெரும்பாலும் இடதுபக்கம் நுழையும் இருசக்கர வாகனங்களால்தான். ஹோண்டா சிட்டியிலும் அமேஸிலும் மேல் மாடல்களில், இடது இண்டிகேட்டர் போட்டதும் அந்தப் பக்கம் வருவதைக் கேமரா திரையில் காட்டும். ஹூண்டாய் வெர்னாவின் மேல் மாடல்களில் பின்பக்க மூலைகளில் ரேடார் இருப்பதால் இரண்டு பக்கமும் எச்சரிக்கும். அபார்ட்மென்ட் வாசலிலிருந்து ரிவர்ஸில் தெருவுக்கு வரும்போது குறுக்கே வருபவரையும் சொல்லும். பின்னாலேயே எடுத்து வெளியே வர வேண்டிய வீடு என்றால் இந்த ஒன்றுக்காகவே மேல் மாடலுக்குப் போகலாம்.

6. ஒப்பிடும்போது விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு இவற்றைப் பாருங்கள். சிட்டியும் அமேஸும் முன்னால் கேமராவை மட்டும் நம்புபவை. நம் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் வெர்னாவில் கேமராவோடு ரேடாரும் உண்டு. 2024 டிசம்பரில் வந்த புதிய அமேஸ், 4 மீட்டருக்குள் அடங்கும் செடானில் அடாஸைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் வந்த மாருதி டிசையரில் அடாஸ் இல்லை. ஆனால் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம், மேல் மாடலில் 360 டிகிரி கேமரா. 2022-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் விர்டஸும் ஸ்கோடா ஸ்லாவியாவும் அடாஸ் இல்லாமல் வந்து, அதே சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியவை. வெர்னாவுக்கும் 2023-ல் 5 நட்சத்திரம் கிடைத்தது. என் கருத்தைக் கேட்டால், உறுதியான பாடியும் 6 ஏர்பேக்கும் முதலில், அடாஸ் அதற்குப் பிறகுதான்.

7. வரியையும் கணக்கில் சேருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அமேஸ், டிசையர் போன்ற சிறிய செடான்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 4 மீட்டரைத் தாண்டும் சிட்டி, வெர்னா, விர்டஸுக்கு 40 சதவீதம்.

8. அப்பா, அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். செடானில் உட்காரும் இடம் தாழ்வு. மூட்டுவலி உள்ளவர் பின்சீட்டில் உட்கார்ந்து, கைப்பிடி இல்லாமல் எழுந்து வர முடிகிறதா என்று பாருங்கள். தலை கூரையில் தட்டாமல் இருக்கிறதா என்பதையும் அவர்களே சொல்லட்டும். டிக்கி வெர்னாவில் 528 லிட்டர், விர்டஸில் 521, சிட்டியில் 506, அமேஸில் 416. ஊருக்கு அரிசி மூட்டையோடு போய்வரும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

9. தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி விர்டஸில் 179 மில்லிமீட்டர், அமேஸில் 172, சிட்டியிலும் வெர்னாவிலும் 165, டிசையரில் 163. வேகத்தடைக்கு இது உதவும், வெள்ளத்துக்கு எந்தக் காரும் உதவாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டதை மறக்க முடியாது. இன்ஷூரன்ஸில் 'இன்ஜின் புரொடெக்ட்' சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நின்ற காரை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், நேராக டோ செய்யச் சொல்லுங்கள்.

10. கேமராவின் கண்ணை மறைக்காதீர்கள். உள்கண்ணாடிக்குப் பின்னால் முன்கண்ணாடியின் உச்சியில் அது இருக்கும். ஃபாஸ்டேக், சாமி படம், ஸ்டிக்கர் எதையும் அந்த இடத்தில் ஒட்ட வேண்டாம். ரேடார் உள்ள காரில் முன் பம்பருக்கு இரும்பு கார்டு மாட்டுவதும் கூடாது. மாலையில் ரேடியல் ரோட்டில் பல்லாவரம் நோக்கி வரும்போது சூரியன் நேர் எதிரே நிற்கும். அடைமழையிலும், போகி காலைப் புகையிலும் கேமராவுக்கு நம்மைப் போலவே கண் தெரியாது. அந்த நேரங்களில் பொறுப்பு முழுக்க உங்களுடையது என்று எடுத்துக்கொண்டு மெதுவாகப் போங்கள்.

11. முன்கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவைத் திரும்பச் சீரமைக்க வேண்டும். வெளிக்கடையில் கண்ணாடி மலிவாகக் கிடைக்கும், அந்தச் சீரமைப்பு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். 'பம்பர் டு பம்பர்' பாலிசியில் அந்தச் செலவும் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

12. டெலிவரி அன்று காருக்கு மாலை போட்டு, போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஷோரூம் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வசதியையும் நீங்களே அணைத்து, நீங்களே போட்டுப் பழகுங்கள். சில கார்களில் அணைத்தது மறுமுறை ஸ்டார்ட் செய்ததும் தானாகத் திரும்ப வந்துவிடும். எந்தெந்த வசதி அப்படி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.