எதிர் ஹாலில் இருப்பவனும் நம்ம ஊர்ப் பையன்தான்

காளப்பநாயக்கன்பட்டி

அன்புள்ள கண்ணு,

உன் கடிதத்தை உன் பெரியம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கல்லூரி விடுதியில், சேலையூர் ஹாலில் இடம் கிடைத்தது, சாப்பாடு பரவாயில்லை, எங்கே பார்த்தாலும் மரம். எல்லாம் சந்தோஷம். கடைசிப் பத்திதான் மனசுக்கு ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஹீபர் ஹாலுக்குப் போய்விட்டதால் இப்போது அவ்வளவாகப் பேச்சில்லை என்கிறாய். "அவங்க வேற, நாங்க வேற" என்று ஒரு வரி. அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

ஹால் மேல் உனக்குப் பிடிப்பு வந்ததை நான் குறை சொல்லவில்லை. வரத்தான் வேண்டும். சென்னை ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு 1937-ல் உங்கள் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. பரந்த புதர்க்காட்டில், சேர்ந்து வாழ்வதும் படிப்புதான் என்று நம்பி ஹால்களை அமைத்தார்கள். சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர், பெண்களுக்கு மார்ட்டின், மார்கரெட், பார்ன்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமை உண்டு. நம்ம பக்கத்துப் பையனுக்கு அதுவரை தெரிந்த உலகம் சேந்தமங்கலமும் நாமக்கல்லும்; மலை ஏறினால் சோளக்காடு. ஹாலில் உன் பக்கத்து அறைக்காரன் கேரளாவிலிருந்து வந்திருப்பான், எதிர் அறைக்காரன் நாகாலாந்திலிருந்து வந்திருப்பான். நீ எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் உன்னை 'எங்க ஹால் பையன்' என்பார்கள். அது எவ்வளவு பெரிய விடுதலை என்று உனக்கு இன்னும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன். ஊரில் தெருவைச் சொல்லி ஆளைப் பிரிக்கிறார்களே, அதிலிருந்து நீ வெளியே போக வேண்டும் என்றுதான் உன் அப்பா மரவள்ளிக் கிழங்கு விற்ற காசில் உன்னை அனுப்பினான். அங்கே போய் ஹாலைச் சொல்லிப் பிரித்தால் என்ன மாறிற்று?

போட்டி போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கல்லூரிகளுக்குள் படகுப் போட்டி நடக்கிறது. ஆறு குறுகல், பக்கம் பக்கமாகப் படகு விட முடியாது. அதனால் வரிசையாக நிறுத்தி, முன்னால் போகும் படகைத் துரத்தி இடிக்கச் சொல்கிறார்கள். இடித்தால் மறுநாள் இரண்டு படகும் இடம் மாறிக்கொள்ளும். அந்த வரிசை அடுத்த வருஷத்துக்கும் தொடரும். நூறு வருஷத்துக்கும் மேலான வைராக்கியம் முழுவதும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும்.

மைதானத்தில் தீராதது எங்கே போய் நிற்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவன் ஒருவன் இறந்தான். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். இரண்டுமே ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்த கல்லூரிகள். அடித்தவனும் அடிபட்டவனும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு படிக்க வருகிற பிள்ளைகள்தான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதெல்லாம் முதலில் ஒரு கோஷமாகத்தான் தொடங்கியிருக்கும்.

சண்டையில் ஜெயித்தவனுக்கு என்ன மிஞ்சும் என்பதையும் கேள். கொல்லிமலைச் செம்மேட்டில் குதிரைமேல் சிலையாக நிற்கிற வல்வில் ஓரியை நீ சின்ன வயசிலிருந்து பார்க்கிறாய். அவனைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. இரண்டு பேருமே கடையெழு வள்ளல்கள், இரண்டு பேரையுமே புலவர்கள் பாடினார்கள். ஆனால் சண்டை முடிந்ததும் இந்தக் கொல்லிமலை காரி கையில்கூட நிற்கவில்லை, சேரனுக்குக் கொடுத்துவிட்டான். நாம் ஆடிப்பெருக்குக்கு விழா எடுக்கிறோமே, தோற்றவனுக்குத்தான் எடுக்கிறோம்.

இனி நீ செய்ய வேண்டியது. இந்த ஞாயிற்றுக்கிழமை நீயாகவே ஹீபர் ஹாலுக்குப் போ. "எதிரி ஹாலுக்கா போற?" என்று சீனியர் யாராவது கேட்டால், "ஊர்க்காரன் அண்ணா, பார்த்துட்டு வர்றேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல். இரண்டு நாள் கேலி செய்வார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். கால்பந்தில் உங்கள் ஹால் தோற்றால் ஜெயித்தவன் கையைக் குலுக்காமல் அறைக்குத் திரும்பாதே. ஒருவனுடைய ஊரையோ நிறத்தையோ அம்மாவையோ இழுக்கிற கோஷத்தை யார் போடச் சொன்னாலும் வாயைத் திறக்காதே. வற்புறுத்தினால் வார்டனிடம் போ. அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

அந்தப் பையனின் அம்மாவை நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தீபாவளிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே டிக்கெட் போட்டிருப்பீர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. போட்டுவிடு.

அன்புடன்,
உன் பெரியப்பா