பாட்டிலில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது

ஆய்வகத்தின் அனிமல் ஹவுஸில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், எலி குடித்திருக்கிறதா என்று பாருங்கள். வளர்ந்த சுண்டெலி நாளொன்றுக்குச் சுமார் 5 மி.லி. குடிக்கும். வெள்ளை எலி 100 கிராம் எடைக்குச் சுமார் 10 மி.லி. குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், எடை இறங்கும். அதைச் சோதிக்கும் மருந்தின் விளைவு என்று ஆய்வாளர் எழுதிக்கொள்ள நேரும்.

எலி நக்கிக் குடிக்கும்போது எச்சிலும் தீனித் துகளும் பாட்டிலின் குழாய்க்குள் ஏறிவிடும். தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் குழாயின் உட்புறம் வழவழவென்று இருக்கும். ஆகவே பழைய தண்ணீரின் மேல் புதிதை ஊற்றவே கூடாது. பாட்டில், மூடி, குழாய் மூன்றையும் மாற்றுங்கள். குழாயைத் தனியே பிரஷ் போட்டுத் தேய்த்து, எல்லாவற்றையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யுங்கள்.

கழுவும் திரவத்திலும் கவனம் வேண்டும். 1998-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், ஆய்வாளர் பாட்ரிசியா ஹண்டின் ஆய்வகச் சுண்டெலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறுகள் திடீரெனக் கூடின. காரத்தன்மை மிகுந்த, தரை கழுவும் திரவம் பட்டு பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கூண்டுகளும் பாட்டில்களும் சிதைந்து, பிஸ்ஃபீனால்-ஏ என்ற வேதிப்பொருள் கசிந்ததே காரணம். மங்கிய, கீறல் விழுந்த பாட்டிலை நான் உடனே ஒதுக்கிவிடுவேன்.

எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளை, தண்ணீரில் வளரும் சூடோமோனாஸ் கிருமி கொன்றுவிடக்கூடும். அதைத் தடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, தண்ணீரின் பிஎச் அளவை 2.5 முதல் 3 வரை வைப்போம். அதற்கும் கீழே போனால் புளிப்பு தாங்காமல் குடிப்பது குறையும். கைக்கணக்கு வேண்டாம், ஒவ்வொரு முறையும் மீட்டரில் பாருங்கள்.

தண்ணீரில் கலந்து தரும் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து கசக்கும். சர்க்கரை சேர்த்தால் குடிக்கும். ஆனால் கிருமியும் வேகமாகப் பெருகும். 2, 3 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சத்தில் மருந்து கெடும் என்பதால் பாட்டிலை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். மருந்து தராத எலிகளுக்கும் அதே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும்.

பாட்டிலை மாட்டுமுன் குழாயின் குண்டை விரலால் தட்டி, சொட்டு வருகிறதா என்று பாருங்கள். குழாய்முனை கூண்டில் பரப்பிய உமியில் பட்டால் இரவோடிரவாகப் பாட்டில் காலியாகி, கூண்டே நனைந்துவிடும். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்குக் குழாய் எட்டுகிறதா என்றும் கவனியுங்கள்.

சந்தேகம் வந்தால் பாட்டிலை இன்று எடை போட்டு, நாளை மறுபடி போடுங்கள். குறைந்த கிராமை எலிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஓர் எலி சராசரியாக எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். பாட்டிலின் எடை குறையவே இல்லையென்றால் முதலில் குழாயைக் கழற்றிப் பாருங்கள்.