கண்ணுக்குக் கீழே அதைப்பு: காரணமும் சிகிச்சையும்



காலையில் எழுந்து முகம் கழுவும்போது கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்குகிறது. கன்னத்து மேட்டில் விரல் வைத்தால் மெத்தென்று இருக்கிறது. இமையைத் திறக்கவே கனமாக இருக்கிறது. இதைத்தான் நம் பக்கத்தில் "முகம் அதைச்சிருக்கு", "மூஞ்சி ஊதிப் போச்சு" என்கிறோம். சிலருக்கு அது பத்து மணிக்குள் வற்றிவிடும். சிலருக்கு நாளுக்கு நாள் ஏறும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒன்று வெறும் தூக்கக்கேடு; மற்றொன்று கர்ப்பிணியின் உயிருக்கோ, குழந்தையின் சிறுநீரகத்துக்கோ வந்த ஆபத்தாக இருக்கலாம். கண்ணாடியில் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தப் பரிசோதனையும்தான் சொல்லும்.

உடம்பில் இத்தனை இடம் இருக்க, வீக்கம் ஏன் முதலில் கண்ணடியில் வருகிறது? நம் உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமைத் தோல்தான். அதன் அடியில் இருக்கும் சதை கெட்டியாக இல்லாமல், நனைத்த பஞ்சு போலத் தளர்வாக இருக்கும். உடம்பில் கொஞ்சம் நீர் கூடினாலும் அங்கே வந்து தங்கும். இரவில் படுத்திருக்கும்போது நீர் முகத்துப் பக்கம் வருகிறது. எழுந்து நடமாடினால் காலுக்கு இறங்குகிறது. அதனால் ஒரு அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முகம் வீங்கினால் சிறுநீரகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மாலையில் கால் வீங்கி, நடந்தால் மூச்சும் வாங்கினால் இருதயத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இது முழுமையான சட்டமல்ல. ஆனால் டாக்டரிடம் "எப்போ வீங்குது" என்று சரியாகச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

சாதாரணக் காரணங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ராத்திரி கண் விழித்தது, அழுதது, சளி பிடித்தது, குடித்தது, படுக்கப் போகும் முன் கருவாடும் ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டது. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு சின்ன டீஸ்பூன் தலைதட்டின அளவு. நம் வீட்டு மோர்மிளகாயும் வடகமுமே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். இந்த வகை அதைப்புக்கு மருந்து வேண்டாம். தலைக்கு இன்னொரு தலையணை வைத்துப் படுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் கண்மேல் போடுங்கள். வெள்ளரித் துண்டு வைத்தாலும் குளிர்ச்சிதான் வேலை செய்கிறது, வெள்ளரி அல்ல. கண்ணருகே சுண்ணாம்புப் பற்று மட்டும் போடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

கர்ப்பிணியின் முகம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பமாக இருக்கும்போது மாலையில் கணுக்கால் கொஞ்சம் வீங்குவது பலருக்கும் உண்டு. ராத்திரி படுத்து எழுந்தால் வற்றிவிடும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஐந்து மாதம் தாண்டிய பிறகு, திடீரென்று இரண்டு மூன்று நாளில் முகம் அதைத்து, கை வீங்கி, மோதிரம் கழலாமல், வளையல் இறுகினால் அது வேறு. "வாயும் வயிறுமா இருக்கிறவ, முகம் பூரிச்சுத்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பூரிப்பு வேறு, அதைப்பு வேறு. பூரிப்பு ஒரே ராத்திரியில் வராது.

இது கர்ப்பகால ரத்தக் கொதிப்பாக இருக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறுவதும், சிறுநீரில் புரதம் போவதும் இதன் அடையாளம். 160/110 எட்டினால் அவசரம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். கிராமத்தில் இதைப் பிரசவ ஜன்னி என்பார்கள், பேய்க்கோளாறு என்றும் சொல்வார்கள். இரண்டு உயிரும் போகக்கூடிய நோய் இது. முகம் வீங்காமலேயே ரத்த அழுத்தம் ஏறியிருக்கவும் கூடும். ஆகவே "எனக்கு வீக்கமே இல்லையே" என்று பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கணவன்மார்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். மனைவி "தலை விண்ணுவிண்ணுன்னு வலிக்குது" என்றாலோ, கண்முன் பூச்சி பறக்கிற மாதிரி, மங்கலாகத் தெரிகிறது என்றாலோ, மேல்வயிற்றில் வலி, வாந்தி என்றாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். முதல் பிரசவம், இரட்டைப் பிள்ளை, முந்தின பிரசவத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், அதிக உடல் எடை, 35 வயதுக்கு மேல் கர்ப்பம் – இவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

சிகிச்சை உண்டு, நல்ல சிகிச்சையே உண்டு. ரத்த அழுத்தத்தை இறக்கக் கர்ப்பிணிக்கு ஏற்ற மாத்திரை கொடுப்பார்கள். வலிப்பு வராமல் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள். பல நாடுகளில் நடந்து 2002இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்த ஊசி வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைத்தது தெரிந்தது. விலை மலிவான மருந்து. நோயின் முழுத் தீர்வு பிரசவம்தான் என்பதால், சில சமயம் நாள் நிறையும் முன்பே பிரசவத்தை வரவழைக்க வேண்டிவரும். "எட்டு மாசத்திலேயா?" என்று தயங்காதீர்கள். டாக்டர் தாயின் நிலை, பிள்ளையின் நிலை இரண்டையும் பார்த்துத்தான் சொல்கிறார். குழந்தை பிறந்த பிறகும் ஆறு வாரம்வரை ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. அப்போது தலைவலியோ வீக்கமோ வந்தால் "பச்சை உடம்புக்காரி, காத்து பட்டிருக்கும்" என்று மூடிப் படுக்க வைக்காதீர்கள்.

பார்லிக் கஞ்சி கொடுக்கலாமா என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுங்கள், அது நல்ல கஞ்சி. ஆனால் ரத்தக் கொதிப்பை அது இறக்காது. உப்பையே அடியோடு நிறுத்துவதும் இந்த நோய்க்கு மருந்தாகாது. வீக்கம் வற்ற என்று கடையில் நீர் மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் இந்த நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. அந்த மாத்திரைகள் பல வீடுகளில் பிரிக்காமலே அலமாரியில் கிடப்பதை நான் பார்க்கிறேன்.

குழந்தையின் முகம்

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளை. காலையில் கண் வீங்கி எழுந்திருக்கிறான். ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். மறுநாளும் அப்படியே. பக்கத்து வீட்டில் "பய நல்லா சதை வச்சிட்டான்" என்கிறார்கள். பாட்டி கண்ணுபட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுகிறாள். சுற்றிப் போடட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அரைஞாண் கயிறு இறுகுகிறதா, வயிறு உப்புகிறதா, சிறுநீர் சோப்பு நுரை போல் நுரைத்து நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும்.

சிறுநீரகம் ஒரு சல்லடை மாதிரி. கழிவை வெளியே விட்டு, சத்தை உள்ளே நிறுத்தும். அந்தச் சல்லடை பழுதானால் ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரோடு ஒழுகிப்போகும். ரத்தத்தில் நீரைப் பிடித்து வைப்பதே அந்தப் புரதம்தான். அது குறைந்தால் நீர் வெளியே கசிந்து முகத்திலும் வயிற்றிலும் சேரும். இதை "சிறுநீரில் உப்பு போகுது" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. போவது உப்பு அல்ல. முட்டை வெள்ளைக்கரு வகைப் பொருள். அதனால்தான் முன்பெல்லாம் சோதனைக் குழாயில் சிறுநீரைக் காய்ச்சிப் பார்ப்பார்கள். ஆல்புமின் இருந்தால் வெந்த வெள்ளைக்கரு போல வெளுத்துத் திரளும். இப்போது ஒரு பட்டையைத் தோய்த்து நிறம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்த நோய்க்குப் பெரும்பாலான குழந்தைகள் பிரெட்னிசலோன் மாத்திரையில் தேறிவிடுகிறார்கள். முதல் தடவை பொதுவாக ஆறு வாரம் தினமும், அடுத்த ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பார்கள். தொல்லை எங்கே வருகிறது என்றால், பத்து நாளில் வீக்கம் வற்றியதும் பெற்றோர் மாத்திரையை நிறுத்திவிடுவதில்தான். அப்படி நிறுத்தவே கூடாது. மாத்திரை சாப்பிடும்போது பசி அதிகமாகும், முகம் உருண்டையாகும். மாத்திரை முடிந்தபின் சரியாகும். நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. வளர வளரப் பெரும்பாலும் விட்டுவிடும். அந்த மாதங்களில் தடுப்பூசி போடும் முன் செவிலியரிடம் மாத்திரை விவரத்தைச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொரு வகையும் உண்டு. சொறி சிரங்கு வந்து புண்ணாகி இரண்டு மூன்று வாரம் கழித்து, அல்லது தொண்டைப் புண் வந்து ஒன்றிரண்டு வாரத்தில், பிள்ளையின் முகம் அதைத்து, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில், கொஞ்சமாகப் போகும். ரத்த அழுத்தமும் ஏறியிருக்கும். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் முற்றிலும் குணமாகிறார்கள். சிரங்கைச் சில்லறை வியாதி என்று நினைக்கிறோம். அது சிறுநீரகத்தில் போய்க் கைவைக்கும். சிரங்குக்கு மருந்து தடவும்போது வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும், உடுத்திய துணியையும் போர்வையையும் வெந்நீரில் அலச வேண்டும்.

பெரியவர்களுக்கு வரும் வேறு காரணங்கள்

ரத்தசோகை முற்றினால் முகம் வெளுத்து அதைக்கும். தைராய்டு சுரப்பி மந்தமானால் முகம் உப்பி, குரல் கம்மி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மாதவிலக்கில் அதிகப் போக்கு என்று மெதுவாக வரும். குழந்தை தங்காமல் போவதற்கும் அது ஒரு காரணம் என்பதைத் தம்பதிகள் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, தினம் வெறும் வயிற்றில் மாத்திரை சாப்பிட்டால் சரிப்படுத்தலாம்.

நடவு, களையெடுப்பு நாட்களில் உடம்புவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் போட்டுக்கொள்கிறோம். அந்த மாத்திரைகளில் பல உடம்பில் நீரைத் தேக்கும், நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூட்டுவலிக்கு என்று பெயரில்லாமல் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. சாப்பிட்டதும் வலி பறந்துவிடும், ஆறு மாதத்தில் முகம் பௌர்ணமி நிலாவாகும்.

முகம் வெளுக்கப் பூசும் க்ரீம் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. சில மலிவு க்ரீம்களில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகச் சல்லடையை ஓட்டையாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படி நோயுற்றவர்களை டாக்டர்கள் கண்டறிந்து, 2023இல் அது செய்தியானது. கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் யோசித்துப் பாருங்கள். க்ரீமை நிறுத்தினால் பலருக்கும் நோய் தணிகிறது.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மாலா-என் போன்ற மாத்திரையில் முதல் இரண்டு மூன்று மாதம் லேசாக நீர் கோத்தது போல் சிலருக்குத் தோன்றும். பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்காக அட்டையைப் பாதியில் எறிந்துவிட்டு வேண்டாத கர்ப்பத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது. அவர்களுக்குக் காப்பர்-டி உண்டு. வாரம் இரண்டாகத் தொடங்கும் ஹார்மோன் இல்லாத மாத்திரை உண்டு. கணவர் ஆணுறை அணியலாம்.

தலைச்சாயம் பூசிய மறுநாள் அரிப்போடு கண் வீங்கினால் ஒவ்வாமை. அந்தச் சாயத்தை மறுபடி தொடாதீர்கள். உதடும் நாக்கும் சேர்ந்து வீங்கி மூச்சு திணறினால் உடனே ஆஸ்பத்திரி. ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, காய்ச்சல் அடித்தாலும் அப்படியே.

வயது நாற்பது ஐம்பது தாண்டினால் கண்ணடிக் கொழுப்பு முன்னுக்குத் தள்ளி நிரந்தரமாகப் பை விழும். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும். காலை, மாலை வித்தியாசமில்லாமல் ஒரே அளவில் இருப்பதே அதன் அடையாளம். நோயல்ல. இதற்காகத் தைலத்துக்கும் க்ரீமுக்கும் காசைக் கொட்டாதீர்கள். அறுவைச் சிகிச்சை தவிர எதுவும் அதை எடுக்காது, அதற்கு அவசியமும் இல்லை.

பரிசோதனைக்குப் போகும்போது

முகம் இரண்டு நாளுக்கு மேல் அதைத்திருந்தால் துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். கர்ப்பிணியும் குழந்தையும் அன்றைக்கே போக வேண்டும். சிறுநீர், ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு மூன்றையும் காசில்லாமல் பார்ப்பார்கள். நெருஞ்சி முள் கஷாயமோ மூக்கிரட்டைக் கீரையோ சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பூசும் க்ரீமையும் கையோடு எடுத்துப் போங்கள்.

சிறுநீர் கொண்டுபோக மருந்துப் புட்டியோ ஊறுகாய்ப் புட்டியோ வேண்டாம். செவிலியரிடம் முதல்நாளே சுத்தமான டப்பா வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலை எழுந்ததும் போகிற முதல் சிறுநீர்தான் நல்லது. தொடக்கத்தில் கொஞ்சம் கீழே விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். பெண்களுக்கு வெள்ளைப்படுதலோ மாதவிலக்கோ இருந்தால் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முடிவு தப்பாகக் காட்டும். பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள்.