ஆளில்லா வீடும் ஊர் வரியும்

வீட்டுவரி ஊராட்சியின் முக்கியமான வருவாய்களுள் ஒன்று என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் நன்கு அறிவர். குடியிருப்போர் இன்றிப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எவ்வாறு வரி விதிப்பது? கூரை சரிந்து, சுவர் சாய்ந்து, புதர் மண்டிய வீடு அண்டை வீட்டாருக்கு ஆபத்தாகும். ஆதலின் இக்கேள்வி ஊர் முழுவதையும் பொறுத்ததாகும். இது குறித்து ஜப்பான் நாட்டின் அனுபவத்தை ஆராய்வோம்.

அந்நாட்டில் 2023-ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி ஏறக்குறைய 90 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. இது மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். இவற்றுள் வாடகைக்கோ விற்பனைக்கோ உரியவை ஒருபுறம் இருக்க, எவ்விதப் பயனும் இன்றிக் கிடந்தவை 38 லட்சத்துக்கும் மேற்பட்டவை. இளைஞர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர்; முதியோர் மறைந்தனர்; வாரிசுகள் ஊர் திரும்பவில்லை.

வரி விதியும் இந்நிலைக்குத் துணை செய்தது. ஜப்பானில் நிலத்துக்கும் வீட்டுக்கும் உரிய வரியை நகராட்சிகளும் கிராம ஆட்சிகளும் வசூலிக்கின்றன. பொதுவான விகிதம் 1.4 சதவீதம். வீடு நிற்கும் மனையானால், 200 சதுர மீட்டர் வரை, அதன் மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்கே வரி. குடியிருப்போரின் சுமையைக் குறைப்பதே இச்சலுகையின் நோக்கம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மனையின் மதிப்பு 60 லட்சம் யென் எனக் கொள்வோம். வீடு நின்றால் 10 லட்சத்துக்கு வரி 14,000 யென். வீட்டை இடித்துவிட்டால், மதிப்பில் 70 சதவீதம் வரை, அதாவது 42 லட்சத்துக்கு, 58,800 யென் செலுத்த நேரிடும். இடிக்கும் செலவும் உண்டு. இடித்தபின் வரியும் நான்கு மடங்குக்கு மேல் உயரும். எனவே பாழடைந்த வீட்டை அப்படியே விட்டு வைப்பதே உரிமையாளருக்கு இலாபமாயிற்று.

இக்குறையை நீக்கும் சட்டம் 2015-ஆம் ஆண்டு மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஆபத்தான காலி வீட்டின் உரிமையாளருக்கு ஊர் ஆட்சி முதலில் அறிவுரை கூறும். அது பயன்படாவிடில் முறைப்படி பரிந்துரை அனுப்பும். அதன் பின்னும் சீர் செய்யாதவர் மனை வரிச் சலுகையை இழப்பார். அடுத்தது உத்தரவு. அதற்கும் பணியாதவரின் வீட்டை ஊர் ஆட்சியே இடித்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதல், பராமரிப்பின்றி ஆபத்தை நோக்கிச் செல்லும் வீடுகளுக்கும் சலுகையை நீக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது.

உரிமையாளர் யாரென்று தெரியாவிடில் அறிவிப்பை யாருக்கு அனுப்புவது? இதற்காக 2024 ஏப்ரல் முதல் வாரிசுகள் மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. தவறினால் 1 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. பல ஊர் ஆட்சிகள் காலி வீடுகளின் பட்டியலை வெளியிட்டு, வீடு தேடுவோரை உரிமையாளருடன் இணைத்தும் வைக்கின்றன.

இவற்றிலிருந்து நாம் அறியத்தக்கவை மூன்று. நல்ல நோக்கத்துடன் அளித்த சலுகையும் தீய விளைவைத் தரக்கூடும். ஆதலின் அதன் பயனை அவ்வப்போது ஆராய வேண்டும். அறிவுரைக்குப் பின்னரே தண்டனை வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரிப் பதிவேட்டில் இறந்தவர் பெயர் நீடிக்கும் வரை எந்த விதியும் பயன் தராது. பதிவேட்டைச் சரியாக வைத்திருக்கும் ஊரே தன் வீடுகளையும் காத்துக்கொள்ளும்.