பிறந்த தேதியா, நட்சத்திரமா, ஞாயிற்றுக்கிழமையா?

சோளிங்கரில் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது இருட்டியிருக்கும். ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்துவிட்டு இறங்கும் அம்மாக்களில் ஒருவர் வீட்டுக்குப் போகாமல் நேரே பேக்கரிக்கு ஓடுவார். அன்று பிள்ளைக்குப் பிறந்த நாள். கேக், தொப்பி, பலூன், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் ஸ்னோ ஸ்பிரே ஒன்று. வீட்டில் பிள்ளை புதுச்சட்டையோடு தூங்கிப்போயிருக்கும். எழுப்பி, முகம் துடைத்து, கேக்குக்கு முன்னால் நிறுத்துவார்கள். போட்டோவில் அது சிணுங்கிக்கொண்டுதான் நிற்கும்.

அந்த அம்மாவை இப்படி ஓடவைப்பது ஒரு நம்பிக்கை: தேதி தவறினால் அது பிறந்த நாளே இல்லை.

பாட்டி காலத்துக் கணக்கு வேறு. ஆவணி ரோகிணி, தை பூசம் என்று மாதமும் நட்சத்திரமும்தான் அன்று பிறந்த நாள். நிலா நட்சத்திரங்களை ஒரு சுற்றுச் சுற்றிவர சுமார் 27.3 நாள் ஆகிறது. ஆண்டின் 365 நாளுக்குள் அது முழுச் சுற்றுகளாக அடங்காது. அதனால் நட்சத்திரப் பிறந்த நாளும் காலண்டர் தேதியும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று விலகியே வரும். நிலா 254 சுற்று முடிப்பதும் 19 ஆண்டு நிறைவதும் ஏறக்குறைய ஒரே நாளில் அமைவதால், 19 வயது நிறையும்போது இரண்டும் கூடிவரும். மற்ற வருஷங்களில் எப்படியும் இரண்டு பிறந்த நாள்தான். விடுமுறை பார்த்து ஞாயிற்றுக்கிழமையை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்வதில் ஒரு குறையும் வந்துவிடாது.

அதற்காக, ‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், இந்த வருஷம் விட்டுவிடலாம்’ என்பதும் சரியில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜாக்குலின் வூலியும் உடன் ஆய்வாளரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 3 முதல் 5 வயது வரையுள்ள 99 பிள்ளைகளிடம் கதை சொல்லிக் கேட்டார்கள். ஒரு குழந்தைக்கு விழாவே நடக்கவில்லை, இன்னொன்றுக்கு இரண்டு விழா நடந்தது. யாருக்கு எத்தனை வயது? விழா நடந்தால்தான் வயது கூடும் என்று நம்பிய சிறுசுகள் அதில் கணிசம். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கேக் வெட்டுவது வெறும் விளையாட்டல்ல, தான் வளர்ந்ததற்கு அதுதான் சாட்சி. கிழமை அதற்குத் தெரியாது. அம்மாவும் அப்பாவும் அவசரமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தெரியும்.

அடுத்து சர்க்கரை. “கேக்கைத் தின்றதும் ஆட்டம் தாங்கலை, எல்லாம் சர்க்கரை பண்ற வேலை” என்று சொல்லாத வீடு இல்லை. 1994-இல் ஹூவர், மிலிச் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், சர்க்கரை சாப்பிட்டால் பிள்ளை துள்ளுகிறது என்று நம்பிய தாய்மார்களையும் அவர்களின் 5 முதல் 7 வயது ஆண் பிள்ளைகள் 35 பேரையும் அழைத்தார்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத இனிப்புப் பானம். பாதித் தாய்மார்களிடம் மட்டும், ‘உங்கள் பிள்ளைக்குக் கொடுத்தது சர்க்கரை’ என்றார்கள். அந்த அம்மாக்கள்தான் தங்கள் பிள்ளை கூடுதலாக ஆடுகிறது என்று சொன்னார்கள். பிள்ளையைக் கூடுதலாக அதட்டியதும் அவர்கள்தான். மறு ஆண்டு, 23 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வும் சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்றே முடித்தது. பல் சொத்தைக்கும் உடல் பருமனுக்கும் சர்க்கரை காரணம்தான். ஆனால் பிறந்த நாள் வீட்டின் ஆட்டத்துக்குக் காரணம், இருபது பிள்ளைகள் ஒரே கூடத்தில் சேர்ந்ததுதான்.

இப்படித் தேவையில்லாத இடத்தில் பயந்துவிட்டு, பயப்பட வேண்டியதைக் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். அந்த ஸ்னோ ஸ்பிரேயைத்தான் சொல்ல வேண்டும். ‘வெறும் சோப்பு நுரைதானே’ என்பார்கள். நுரையை டப்பாவிலிருந்து பீய்ச்சித் தள்ளுவதற்குப் பெரும்பாலும் அடைத்திருப்பது பியூட்டேனும் புரொப்பேனும், அதாவது நம் அடுப்பு சிலிண்டரில் இருக்கும் அதே வாயுக்கள். தலையில் நுரை, முகத்துக்குக் கீழே எரியும் மெழுகுவத்தி, சுற்றிலும் நாலு கைகள் பீய்ச்சிக்கொண்டிருக்கின்றன. அந்த ஒரு நொடியில் முடியும் முகமும் பற்றிக்கொள்ளும். மெழுகுவத்தியும் ஸ்பிரேயும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. கேஸ் பலூனும் அப்படித்தான்: ஹீலியம் எரியாது, விலை குறைந்த ஹைட்ரஜன் எரியும், பலூனைப் பார்த்து எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

பஞ்சு மிட்டாய் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. 2024 பிப்ரவரி 17 அன்று தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்ததும், பஞ்சு மிட்டாயே விஷம் என்ற பேச்சு பரவிவிட்டது. ஆய்வகத்தில் மாட்டியது அதில் கலந்த ரோடமின்-பி என்ற சாயம். துணிக்கும் காகிதத்துக்கும் தோலுக்கும் ஏற்றுகிற சாயம் அது. தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. தோலுக்குப் போடுகிற நிறம் பிள்ளையின் நாக்கில் ஏறக்கூடாது. கேக்கின் மேல் கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்தைப் பார்த்தாலும் பேக்கரியில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

‘காகிதக் கப் வாங்கினால் பிளாஸ்டிக் தொல்லை இல்லை’ என்பதும் பொய்க்கணக்கு. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. பலூன் செருகும் பிளாஸ்டிக் குச்சி 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் எல்லா வீட்டிலும் கிடைக்கும்.

விழா நீளமாக நடந்தால்தான் வந்தவர்களுக்குத் திருப்தி என்று நினைப்பவர்களுக்குச் சோளிங்கர் மலையே பதில் வைத்திருக்கிறது. அந்த மலைக்குக் கடிகாசலம் என்றும் பெயர்; அதில் உள்ள கடிகை என்பது ஒரு நாழிகை, 24 நிமிடம். அவ்வளவு நேரம் மலைமேல் தங்கினாலே முக்தி என்பது தலமரபு. அஞ்சு வயதுப் பிள்ளையின் விழாவுக்கு இரண்டு மணி நேரம் தாராளம்.

கடைசியாகப் பிரியாணி. ஆம்பூர் பக்கத்து வீடுகளில் விழா என்றால் சீரகச் சம்பாவும் கத்திரிக்காயும் தயிர் வெங்காயமும் வந்தாக வேண்டும். ‘தம் போட்டது ராத்திரி வரை கெடாது’ என்ற நம்பிக்கையும் கூடவே வரும். அரிசியில் ஒட்டியிருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு ஆற ஆற அவை முளைத்து நஞ்சைக் கக்கும். திரும்பச் சூடாக்கினாலும் வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு போகாது. சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 32 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்புக் கணக்கு. ராணிப்பேட்டை, வேலூர் வெயிலில் வருஷத்தில் பாதி நாள் அந்த ஒரு மணிக் கணக்குதான். ஆகவே ஞாயிறு மதியம் ஒரு மணிக்குப் பந்தி என்றால், பன்னிரண்டே முக்காலுக்குத் தேக்சா மூடியைத் திறந்தால் போதும். முதல் இலை பிள்ளைகளுக்கு. மீந்ததை அகலத் தட்டுகளில் மெலிதாகப் பரப்பி, சூடு தணிந்ததும் பிரிட்ஜில் வைத்துவிட்டு, அதன் பிறகு கேக்கை எடுக்கலாம். பிள்ளையும் அப்போது விழித்திருக்கும்.