வித்வானை விடுங்கள், பாட்டைப் பிடியுங்கள்

கேள்வி: நண்பர்கள் கூடி, ஆளுக்கொரு பிடித்த கீர்த்தனையைப் போட்டுக் கேட்கிறோம். பேச்சு, 'யார் பெரிய வித்வான்' என்ற சண்டையில் முடிகிறதே?
– வாசகர், ஆலங்குடி

பதில்: ஒரே கீர்த்தனையை இருவர் பாடக் கேளுங்கள். நிரவலுக்கு எந்த வரியை எடுத்தார்கள், காலப்பிரமாணம் எப்படி என்று பேசுங்கள். அடுத்த சுற்றில் மிருதங்கத்தை மட்டும் கவனியுங்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடையேற்றிய மான்பூண்டியா பிள்ளை, அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை என வளர்ந்த புதுக்கோட்டை மிருதங்கப் பாணி உங்கள் மாவட்டத்துச் சொத்தாயிற்றே! அந்தப் பாணியில் வந்து, இடக்கை வாசிப்பில் பேரெடுத்த பழனி சுப்பிரமணிய பிள்ளை, ஆலத்தூர் சகோதரர்களுக்கு வாசித்த பதிவைத் தேடிப்பிடித்து, தாளம் போட்டபடி, மிருதங்கத்தின் கனத்த நாதம் தரும் பக்கமான தொப்பியின் கும்காரத்தைக் கேளுங்கள். தாளம் எங்கே தப்பியது என்று தேடுவதற்கே நேரம் போதாது. சண்டைக்கு ஏது நேரம்?